பாரத்துக்கு நாலு மூட்டை

மண் மூட்டையின் வயிற்றைக் கத்தியால் கீறியபோது, அதற்குள்ளிருந்து பிரசாந்தனின் அம்மா வந்து பனியில் விழுந்தார்.

அம்மா செத்து நாலு வருடம். பாரிசில் செத்து, பாரிசிலேயே எரித்து, சாம்பல் யாழ்ப்பாணம் போய்க் கீரிமலைக் கடலில் கரைந்து, ஐயர் மந்திரம் சொல்லி, எல்லாம் முறைப்படி முடிந்துபோன அம்மா. அதற்கு வீடியோ ஆதாரம்கூட இருந்தது. அப்படிப்பட்டவர் தை மாதத்து ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, லா சப்பலில் ரயில் பாதைகளுக்கு மேலால் போகிற பாலத்தில், பிக்கப்பின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தார்.

அன்று விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கிய வினை இது. பாரிசில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில், கலியாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற கடை இரத்தினத்துடையது. மணவறை, குத்துவிளக்கு, கதிரை உறை, ரெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டிச் சாயம் பூசிய யானை, மயில் எல்லாம் அவரிடம் உண்டு. அவற்றை ஏற்றி இறக்குகிறவன் பிரசாந்தன். பதினாறு வருடமாக ஏற்றி இறக்குகிறான். அன்றைக்கு நகரத்துக்கு வெளியே, வில்லியே லே பெல்லில் ஒரு மண்டபத்தில் கலியாணம். மணவறையின் அடிப்பாகம் முதல் நாளே போய்விட்டது. இரத்தினமும் முதல் நாளே போய் அங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டார். மிச்சம் இருந்தவை மணவறைக் கூரை, நாலு தூண், இரண்டு மயில், மாலைகள், ஓர் அம்மி. பதினொன்றேகாலுக்கு முகூர்த்தம்.

இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. பாரிசில் இப்படிப் பனி கொட்டுவது அத்தி பூத்தாற்போலத்தான். கொட்டினால் பஸ்ஸும் ஓடாது, ஒருத்தருக்கும் புத்தியும் ஓடாது. இரத்தினத்தின் பிக்கப்போ கிழட்டு வண்டி. என்ஜின் பாரம் முழுக்க முன்னால், தள்ளுகிற சக்கரங்கள் பின்னால். பின்பெட்டியில் ஏற்றியிருந்த தூணையும் மயிலையும் ஒரு குழந்தை தூக்கிவிடும். பாரம் என்று சொல்ல அந்த அம்மி ஒன்றுதான். கடைக்குப் பின்னாலுள்ள முற்றத்திலிருந்து தெருவுக்கு ஏறுகிற சின்னச் சரிவிலேயே பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்தில் நின்று சுற்றின.

அதே முற்றத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் மார்செல், கோப்பியும் கையுமாக வந்து வேடிக்கை பார்த்தார். காற்றை ஏற்றிக்கொண்டு பனியில் போக முடியாது, பின்பெட்டிக்குப் பாரம் போடு என்று பிரெஞ்சில் சொன்னார். பிரசாந்தன் கடையில் கிடந்த அரிசி மூட்டைகளில் ஒன்றைத் தூக்கி வந்து பெட்டியின் கடைசி விளிம்பில் போட்டான். ஊரில் சேற்றுக்குள் லொறி புதைந்தால் நாலு பேர் பின்தட்டில் ஏறி நிற்பார்களே, அந்த அனுபவம். மார்செல் தலையில் அடித்துக்கொண்டார். வாலில் போட்டால் மூக்குத் தூக்கும், ஸ்டியரிங் சொல்வழி கேட்காது. பின் அச்சுக்கு நேர் மேலே போடு, போட்டுவிட்டுப் பட்டியால் இறுக்கிக் கட்டு, கட்டாவிட்டால் பிரேக் அடிக்கிறபோது மூட்டை உன் முதுகுக்கு வரும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அதோடு ஒரு மூட்டை மண்ணும் கொண்டுபோ, எங்கேயாவது இறுகினால் சக்கரத்துக்கு அடியில் கொட்டலாம் என்றார். மனிதர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

மண் மூட்டைகள் கடையின் நிலவறையில் கிடந்தன. கோடையில் தேர்த் திருவிழாவுக்குத் தெருவில் கூடாரம் போடும்போது கால்களுக்குப் பாரமாக வைக்கிறவை. அதில் பன்னிரண்டை ஒரு விளையாட்டுக் கழகத்தார் இரவல் வாங்கிப் போய், இரவல் வாங்குகிறவர்களின் வழக்கப்படி மறந்துவிட்டார்கள். மூலையில் நாலு மாத்திரம் இருந்தன. அந்த நாலையும் தொடக்கூடாது என்பது இரத்தினத்தின் கட்டளை. "அது அடி கிழிஞ்ச மூட்டையள். தூக்கினால் கொட்டிப்போடும். அங்கேயே கிடக்கட்டும்" என்பார். பிரசாந்தன் தூக்கிப் பார்த்தான். அடி நல்ல உறுதியாகத்தான் இருந்தது. வாய் சணல் நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. கிழவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் என்று நினைத்துக்கொண்டு, ஆறு மூட்டை அரிசியும் அந்த நாலு மூட்டை மண்ணுமாக அச்சுக்கு மேலே அடுக்கிப் பட்டி போட்டு இறுக்கினான். வண்டி சொன்ன சொல் கேட்டுச் சரிவில் ஏறியது.

பாலத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. நின்றான். பச்சை விழுந்தபோது வண்டி எடுபடவில்லை. பாலத்து ஏற்றத்தில் பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. இறங்கி, ஒரு மண் மூட்டையை இழுத்துக் கீழே போட்டு, பூமாலைக் கட்டு அறுக்கிற கத்தியால் கீறினான். கொஞ்சம் மண் கொட்டியது. பிறகு கொட்டவில்லை. எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. வெட்டை அகலமாக்கி உதறினான். கரும்பச்சை நிறத்தில், ஒரு பால்மா டின்னை விடப் பெரியதாக, உலோகச் சாடி ஒன்று பொத்தென்று விழுந்து உருண்டது.

அதன் மூடிக்குப் பக்கத்தில் சின்னப் பித்தளைத் தகடு. கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தான். கதிரவேலு சிவக்கொழுந்து. பிறந்த வருடம். இறந்த வருடம். எரித்த இடத்தின் பெயர்.

அவனுக்குக் கால் தள்ளாடவில்லை, கண் இருட்டவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் நல்லது. அவன் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே இருந்தான். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்துச் சலித்து, விலத்திக்கொண்டு போய்விட்டான்.

இந்த இடத்தில் இரத்தினம் யார் என்று சொல்லாவிட்டால் பிரசாந்தனின் அதிர்ச்சி விளங்காது. முதலாளி என்று மட்டும் சொன்னால் போதாது. பிரசாந்தன் இந்த நகரத்துக்கு உடுத்த உடுப்போடு வந்தபோது படுக்கப் பாய் தந்தவர் அவர். பிறகு பிரசாந்தன் அம்மாவையும் இங்கே கூப்பிட்டு, ஒன்பது வருடம் வைத்துப் பார்த்தான். ஒரு மாரிகாலத்தில் அம்மா நெஞ்சுச் சளியில் படுத்தபோது, அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை இந்தக் குளிருக்குள்ளை விட்டிட்டுப் போடாதை, மோனை. எரிச்சுப்போட்டு எங்கடை கடலிலை விடு." அவன் ஓம் என்றான். ஆனால் அவனுடைய அகதிப் பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று அச்சடித்திருக்கிறது. உலகமெல்லாம் போகலாம், அம்மா கேட்ட இடத்துக்கு மட்டும் போகமுடியாது. அவன் மனைவி பூரணிக்கும் அதே புத்தகம்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் சாம்பலை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தவனிடம், பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருந்த இரத்தினம், "நான் ஊருக்குப் போறன். கொண்டா, உன்ரை அம்மா எனக்கும் அம்மாதான்" என்று கை நீட்டினார்.

பத்து நாளில் வீடியோ வந்தது. கீரிமலை. இரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். சிவப்புத் துணி கட்டிய மண் முட்டியிலிருந்து சாம்பல் கடலில் இறங்கிப் பரவுகிறது. வீட்டிலே பூரணியும் அவனும் கைபேசியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டார்கள். அந்தச் செய்தி பரவி, ஊருக்குப் போகமுடியாத வேறு வீட்டாரும் இரத்தினத்தைத் தேடி வந்தார்கள். கீரிமலை இரத்தினம் என்றே லா சப்பலில் பெயராகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த மனுசன் மறைத்து வைத்தது பூசணிக்காய் அல்ல.

பிரசாந்தன் பாலத்தில் நின்று இரத்தினத்துக்குக் கைபேசியில் அடித்தான்.

"எங்கை நிக்கிறாய்? கூரையில்லாமல் மணவறை மொட்டையாய் நிக்குது."

"அண்ணை, அந்த மூலை மூட்டையிலை ஒண்டை வெட்டினனான்."

மறுமுனையில் நாதஸ்வரக்காரர் சுருதி பார்க்கிறது மாத்திரம் கேட்டது.

"அம்மான்ரை பேர் போட்ட சாடி விழுந்திருக்கு, அண்ணை."

இரத்தினம் தணிந்த குரலில் கேட்டார். "மணவறைச் சாமானிலை பட்டுதோ?"

அம்மாவின் பெயரைத் தகட்டில் வாசித்தபோது வராத கோபம் அந்தக் கேள்விக்கு வந்தது. அவன் எதிர்பார்த்தது ஐயோ என்ற ஒரு வார்த்தை. அல்லது பொய்யாவது. அம்மா நாலு வருடம் நிலவறையில் கிடந்திருக்கிறார், இவருக்குக் கலியாணச் சாமானில் செத்தவீட்டுத் துடக்குப் பட்டுவிட்டதா என்பது கவலை.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. பொம்பிளைப் பிள்ளையின்ரை காரியம். முதல் சாமானைக் கொண்டு வா, பிறகு எல்லாம் சொல்லுறன்" என்று இரத்தினம் தொடர்பை வெட்டினார்.

பொம்பிளைப் பிள்ளையின் காரியம் என்றது உண்மைதான். அதனால்தான் பிரசாந்தன் வண்டியைத் திருப்பவில்லை. மணப்பெண் மிருணாளினியை, அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். தகப்பன் கரிகாலன் மூன்று வருடத்துக்கு முன் வேலைத்தலத்தில் மாரடைப்பில் போனவர். தாய் யசோதினி ஒற்றை ஆளாக நின்று செய்கிற கலியாணம். பிரசாந்தன் ஜக்கற்றைக் கழற்றிச் சாடியைச் சுற்றி, பக்கத்து ஆசனத்தில் வைத்து, பட்டி போட்டான். மூட்டையில் மிச்சமிருந்த மண்ணை, அம்மாவைச் சுற்றிக் கிடந்த அந்த மண்ணை, அள்ளிச் சக்கரத்துக்கு அடியில் போட்டான். வண்டி எடுபட்டது. வில்லியே லே பெல் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் பிடித்தது. வழி முழுக்க அவன் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன முகத்தோடு பேசுவது? குளிருக்குள் விடமாட்டேன் என்று சொன்னவன் அவன்.

மண்டபத்தில் நாலு பேர் ஓடி வந்து கூரையையும் மயிலையும் இறக்கிக்கொண்டு போனார்கள். இரத்தினம் வெளியே தலைகாட்டவில்லை. பிரசாந்தன் உள்ளே போகவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் பிக்கப்புக்குப் பக்கத்தில் நின்றான். நிற்க நிற்க வேறொரு நினைவு வந்து அவனைப் பிடித்தது. காலையில் தூக்கியபோது நாலு மூட்டையின் வாயும் ஒரே மாதிரித்தான் தைத்திருந்தது. மிச்சம் மூன்றையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். மண்ணுக்கு நடுவில், மூன்றிலும், உருண்டையாக ஒன்று கையில் தட்டியது.

பதினொரு மணிக்குப் பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பனியில் சறுக்கிச் சறுக்கி இரத்தினம் வந்தார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. கரிகாலன் இல்லாத குறைக்குத் தகப்பன் இடத்தில் இருந்து மிருணாளினியைத் தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறவர் அவர்தான். யசோதினியே கேட்டு வைத்த மரியாதை.

"தம்பி, என்னைக் கொல்லு. ஆனால் இண்டைக்கு வேண்டாம்" என்றார்.

"ஏன் அண்ணை?"

"எயார்போட்டுக்குக் கொண்டு போனனான். சத்தியமாய்க் கொண்டு போனனான். எனக்கு முன்னாலை நிண்டவன்ரை பெட்டியை உடைச்சுக் கொட்டினாங்கள். சாம்பல் கொண்டு போறதுக்குப் பிரிபெக்சர் கந்தோரிலை பேப்பர் எடுக்கவேணுமாம், எனக்குத் தெரியாது. பயந்துபோய், என்னைக் காரிலை கொண்டுவந்து விட்டவனிட்டைத் திருப்பிக் குடுத்துவிட்டன். அங்கை போய் இறங்கினால் நீ ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போன் எடுக்கிறாய். கரைச்சாச்சோ அண்ணை, கரைச்சாச்சோ அண்ணை எண்டு. இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"அப்ப அந்த வீடியோவிலை கரைஞ்சது ஆர்?"

இரத்தினம் பனியைப் பார்த்தார். "தேங்காய்ச் சிரட்டைச் சாம்பல். தங்கியிருந்த வீட்டுக் குசினியிலை எடுத்தது."

பிரசாந்தனுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. சிரட்டைச் சாம்பலுக்கு அவனும் பூரணியும் விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள். சிரட்டைச் சாம்பலை நினைத்து அவன் நாலு வருடம் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறான்.

"திரும்பி வந்தாப் பிறகாவது பேப்பர் எடுத்திருக்கலாமே."

"இவ்வளவு நாளும் எங்கை வைச்சிருந்தனி எண்டு கேட்டால்? வீட்டிலை வைச்சிருக்கக் கூடாதாமே, இஞ்சத்தைச் சட்டம். வீட்டுக்குள்ளை கொண்டு போறதும் எங்களுக்குச் சரியில்லை. மண்ணுக்குள்ளை வைச்சால் மண்ணுக்குள்ளை இருக்கிற மாதிரித்தானே எண்டு நினைச்சனான். வெள்ளிக்கு வெள்ளி ஊதுபத்தி கொளுத்தினனான், தம்பி. பிறகு ஆக்கள் வரத் தொடங்கிச்சினம். சிவக்கொழுந்து அம்மாவைக் கொண்டு போனியள், எங்கடையாளையும் கொண்டு போங்கோ எண்டு அழுதுகொண்டு வந்தால் என்ன சொல்ல? முதலாவதையே கொண்டு போகேல்லை எண்டு சொல்லவோ?"

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். இரத்தினத்துக்கு நாலோடு நின்றிருந்தது.

"ஆர் ஆர்?" என்று கேட்டான் பிரசாந்தன்.

"உன்ரை அம்மா. ஆர்ஜொந்தெயிலை இருந்த கணக்கு மாஸ்டர். பியர்ஃபித்திலை அந்தத் தையல்கார அன்ரி." இரத்தினம் நிறுத்தினார். நாலாவது பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவருடைய கண் மட்டும் பிரசாந்தனைத் தாண்டி, மாவிலைத் தோரணம் கட்டிய மண்டபத்து வாசலுக்குப் போய், அங்கேயே நின்றது.

பிரசாந்தனும் அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தான். "கரிகாலன் அண்ணையோ?"

இரத்தினம் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினார். அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டார். "இரத்தினம் அண்ணை, தாரை வார்க்க வரட்டாம். ஐயர் நேரம் போகுது எண்டு கத்திறார்!"

"நீங்கள் அங்கை போய் இருக்கப்போறியளோ?" என்று கேட்டான் பிரசாந்தன். குரல் தன்னுடையதா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"நான் போகாட்டில் அந்தப் பிள்ளையின்ரை முகூர்த்தம் பிழைச்சுப்போகும்" என்றார் இரத்தினம். முகத்தைச் சால்வையால் துடைத்தார். சந்தனத்தைச் சரிசெய்தார். போனார். பிரசாந்தன் அவரைத் தடுக்கவில்லை. ஒரு கையால் பிடித்திருந்தால் போதும், பிடிக்கவில்லை. அந்த மனிதர் போய்த் தகப்பன் இடத்தில் உட்காரப் போவதை விட, தான் அதற்கு வழி விட்டு நின்றது அவனுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

அவன் பெட்டியில் ஏறி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றில் எது என்று தெரியவில்லை. கத்தியை எடுத்து முதலாவதன் தையலை அறுத்து, மண்ணுக்குள் கைவிட்டு, தகட்டை வழித்துப் பார்த்தான். கணக்கு மாஸ்டர். இரண்டாவதை அறுத்தான். கரிகாலன். தகட்டு எழுத்தில் மண் ஒட்டியிருந்தது. அவன் அதை மறுபடி மண்ணால் மூடி, வாயைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிவிட்டுக் கீழே இறங்கியபோது, மண்டபத்துப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு யசோதினி வந்தார்.

காஞ்சிபுரம் சேலைக்கு மேல் ஒரு பழைய குளிர் கோட்டு. கையில் ஒரு கிண்ணத்தில் பலகாரம்.

"காலமை தொடக்கம் வெளியிலையே நிக்கிறாயாம். சாப்பிடு, தம்பி."

"அக்கா, தாலி கட்டப் போகினம். நீங்கள் உள்ளை நிக்கவேண்டாமே?"

"நான் அதுக்குத்தான் வெளியிலை வந்தனான்" என்றார் யசோதினி. "ஒருத்தரும் போகச் சொல்லேல்லை. ஆனால் அந்த நேரம் நான் முன்னுக்கு நிக்கக்கூடாது தானே. என்ரை கண் படவேண்டாம்."

பெற்று, இருபத்தெட்டு வருடம் வளர்த்தவளின் கண் படக்கூடாதாம். பொய்ச் சாம்பல் கரைத்தவரின் கை படலாமாம். நம்முடைய சம்பிரதாயத்துக்குக் கண் இருந்தால் அது எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறதோ தெரியாது. பிரசாந்தனுக்கு உண்மை வாய்வரை வந்தது. யசோதினி அதற்குள் பேசினார்.

"இரத்தினம் அண்ணை ஒரு ஆள் இல்லையெண்டால் நான் என்ன செய்திருப்பன், சொல்லு. என்ரை மனுசனைக் கடலிலை சேர்த்து, இண்டைக்குப் பிள்ளையையும் கரை சேர்க்கிறார்."

நாதஸ்வரம் ஏறியது. தரிப்பிடத்துப் பனியில் யசோதினியின் செருப்பு வழுக்கியது. விழாமல் இருக்கப் பிக்கப்பின் பக்கத்தைப் பிடித்தார். பிடிக்கப்போன கை உள்ளே விழுந்து, கடைசியாகக் கட்டிய மூட்டையின் மேல் ஊன்றிக்கொண்டது. அவர் கையை எடுக்கவில்லை. நிற்க வசதியாக இருந்தது போலும். உள்ளே கெட்டிமேளம் அடித்தார்கள். யசோதினி கண்ணை மூடிக்கொண்டு, மேளம் ஓயும்வரை ஒரு கையால் மூட்டையைப் பற்றியபடி நின்றார். கன்னத்தில் நீர் ஓடியது.

"அந்த மனுசன் இருந்திருந்தால் இப்ப என்ரை பக்கத்திலை நிண்டு, என்னைவிடக் கூட அழுதிருப்பார்" என்றார்.

பிரசாந்தன் பலகாரக் கிண்ணத்தை வண்டிக் கூரையில் வைத்தான். தாலி ஏறிவிட்டது. இனி எந்த முகூர்த்தமும் பிழைக்கப்போவதில்லை.

"பக்கத்திலைதான் நிக்கிறார், அக்கா."

யசோதினி அவனைப் பார்த்துச் சிரித்தார். ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டார். பிரசாந்தன் சிரிக்கவில்லை. அவருடைய கையை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு, மூட்டையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.